பேரேடும் பெரட்டும்: புயல் நிவாரணத்தில் வழிபாட்டு இல்லங்களும் வட சிலாங்கூர்த் தோட்டச் சமூகமும்

புயல் என்பது மலேசியத் தமிழருக்கு நெடுங்காலமாக ஊரிலிருந்து வரும் செய்தியாகவே இருந்து வந்தது. 1964-இல் தனுஷ்கோடி அழிந்தது, 1978-இல் மட்டக்களப்பின் தென்னந்தோப்புகள் சாய்ந்தன என்னும் செய்திகளை இங்குள்ளோர் நாளிதழ்வழி அறிந்தனர். நம் நாட்டிற்குப் புயல் வாராது என்பது பொதுவாக நிலவிய எண்ணம். அதற்கு அறிவியல் அடிப்படை உண்டு. நிலநடுக்கோட்டிற்கு அருகில், புவிச்சுழற்சி காற்றைத் திருப்பும் விசை மிகக் குறைவு. ஆதலால் காற்றுச் சுழல் அங்கு உருப்பெறுவது அரிது. அரிது என்பது இல்லை என்பதன்று. 1996 திசம்பர் 26-இல் கிரேக் என்னும் வெப்பமண்டலப் புயல் சபாவின் கெனிங்காவ் வட்டாரத்தைத் தாக்கி 200-க்கும் மேற்பட்டோரைப் பலிகொண்டது. 2001 திசம்பர் 27-இல் வாமெய், நிலநடுக்கோட்டிலிருந்து ஏறத்தாழ ஒன்றரைப் பாகை வடக்கே, ஜொகூரின் தென்கிழக்குக் கரையில் நுழைந்தது. 2021 திசம்பர் நடுப்பகுதியில் பகாங் கரையைக் கடந்த தாழ்வு மண்டலம், பெயர் சூட்டப்படும் அளவிற்கு வலுப்பெறாதது. எனினும் சிலாங்கூரை வெள்ளக்காடாக்கியது. 2025 நவம்பர் இறுதியில் மலாக்கா நீரிணையிலேயே உருவெடுத்த சென்யார், சுமாத்திராவில் ஆயிரத்திற்கும் மேற்பட்ட உயிர்களைக் கவர்ந்த வெள்ளத்திற்கும் நிலச்சரிவிற்கும் காரணமாகியபின், தீபகற்பத்தின் மேற்குக் கரையை வந்தடைந்தது.

மேற்குக் கரை என்னும்பொழுது சுங்கை பெசார் வட்டாரம் நம் கண்முன் நிற்கிறது. சபாக் பெர்ணாம் மாவட்டத்தின் இக்கடலோரப் பகுதி, தெற்கே செக்கிஞ்சான், தஞ்சோங் காராங் எனத் தொடர்ந்து கோலா சிலாங்கூர் வரை செல்லும் தாழ்நிலமாகும். கடலுக்கும் நிலத்திற்கும் இடையே நிற்பது மண்ணால் எழுப்பிய கரை. உள்நீரை வெளியேற்றவும் கடல்நீரைத் தடுக்கவும் மதகுகள் உள்ளன. 1930-களில் தொடங்கப்பெற்ற தஞ்சோங் காராங் நீர்ப்பாசனத் திட்டத்தின் வயல்களும் தென்னந்தோப்புகளும் செம்பனைத் தோட்டங்களும் இக்கரையை நம்பியே வாழ்கின்றன. உள்நோக்கிச் செல்லின் ஈஜோக், புக்கிட் ரோத்தான், பெஸ்தாரி ஜெயா ஆகிய இடங்களைச் சூழ்ந்த பழைய இரப்பர்த் தோட்டங்கள். 1917-இல் மலாயாவின் முதல் வணிகச் செம்பனை நடவு நிகழ்ந்த தென்னமாரம் தோட்டமும் அவ்வட்டாரத்தினதே. அங்குத் தமிழர் எவ்வளவு காலமாக வாழ்கின்றனர் என்பதற்கு வேறு சான்று தேடவேண்டா. தோட்டத்தின் பெயரே போதும்.

இத்தகைய வட்டாரத்தைக் கடும்புயல் ஒன்று தாக்குமாயின், தேவாலயமும் கோயிலும் பள்ளிவாசலும் சமூக அமைப்புகளும் என்ன செய்ய இயலும் என்பதே இக்கட்டுரையின் வினா. உணவும் உடையும் கொடுப்பர் என்பது எளிய விடை. அது பிழையன்று, ஆயினும் அது பாதி விடையே. பேரிடருக்குப் பின் முதல் சில நாட்களில் உணவைவிட அரிதாகக் கிடைக்கும் பொருள் ஒன்று உண்டு. யார் இருந்தனர், யார் இல்லை, எந்த வீட்டில் எத்தனை பேர் என்னும் அறிவே அப்பொருள். வழிபாட்டு இல்லங்களின் உண்மையான வலிமை அவற்றின் அடுக்களையில் இருப்பதைக் காட்டிலும் அவற்றின் பேரேட்டில் இருக்கிறது என்று நாம் கருதுகிறோம். இதனை விளக்குதற்கு அண்மைக்காலத் தமிழுலகில் ஒக்கிப் புயலினும் தெளிவான எடுத்துக்காட்டு இல்லை.

ஒக்கியும் பங்குப் பேரேடும்

2017 நவம்பர் இறுதியில் இலங்கைக்குத் தென்கிழக்கே உருவாகிய தாழ்வு மண்டலம், 30-ஆம் நாள் காலையில் கன்னியாகுமரிக்கு அருகிலேயே புயலாக வலுப்பெற்றது. தெளிவான புயல் எச்சரிக்கை அன்று நண்பகல் வாக்கில்தான் வெளிவந்தது. கரையிலிருந்தோருக்கே அது காலந்தாழ்ந்த எச்சரிக்கை. குமரி மாவட்டத்தின் மேற்குக் கோடியிலுள்ள தூத்தூர், சின்னத்துறை, வள்ளவிளை, இரவிபுத்தன்துறை, பூத்துறை, மார்த்தாண்டன்துறை, நீரோடி முதலிய ஊர்களின் மீனவருக்கோ அது எச்சரிக்கையே அன்று. அவர்கள் ஆழ்கடல் மீன்பிடிப்பில் பெயர்பெற்றவர்கள். சுறாவையும் சூரையையும் தேடிப் பல நாட்கள், சில வேளைகளில் ஒரு மாதத்திற்கும் மேலாகக் கடலில் தங்குபவர்கள். கரையிலிருந்து நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் தொலைவில் இருப்போருக்குக் கைப்பேசியும் எட்டாது, குறுந்தொலைவு வானொலியும் எட்டாது. புயல் இலட்சத்தீவுகளைக் கடந்து அரபிக்கடலில் மேலும் வலுப்பெற்றுச் சென்ற வழி, அவர்கள் மீன்பிடித்துக்கொண்டிருந்த கடற்பரப்பு.

உள்நாட்டிலும் இழப்புச் சிறிதன்று. குமரி மாவட்டத்தின் வாழைத்தோட்டங்களும் இரப்பர் மரங்களும் பெருமளவில் சாய்ந்தன. பல நாட்கள் மின்சாரம் இல்லை. ஆயினும் இழந்த மரத்தை எண்ணிவிடலாம். கடலில் இருந்தோரை எண்ணுவது எப்படி? அரசிடம் படகுகளின் பதிவு இருந்தது. படகில் ஏறிச்சென்றோரின் பெயர்கள் அதில் இல்லை. ஒரே ஊரினர் கொச்சியிலிருந்தும் பிற துறைமுகங்களிலிருந்தும் வெவ்வேறு படகுகளில் புறப்பட்டிருந்தனர். சிலர் புயலில் அடித்துச் செல்லப்பட்டு இலட்சத்தீவிலும் மகாராட்டிரத்திலும் குசராத்திலும் கரையேறினர். உயிருடன் உள்ளோர் யார், காணாமற்போனோர் யார் என்பது ஒரு மாநில அரசின் எல்லைக்குள் அடங்கும் செய்தியாக இல்லை.

இந்நிலையில்தான் ஊர்த் தேவாலயங்கள் தகவல் நிலையங்களாயின. குமரிக் கடற்கரை ஊர்களில் பெரும்பான்மையோர் கத்தோலிக்கர். தூத்தூர் வட்டாரத்துப் பங்குகள் தமிழ்நாட்டு எல்லைக்குள் இருப்பினும் திருவனந்தபுரம் இலத்தீன் உயர்மறைமாவட்டத்தைச் சார்ந்தவை. கிழக்கே உள்ளவை கோட்டாறு, குழித்துறை மறைமாவட்டங்களைச் சார்ந்தவை. அந்நாளில் திருவனந்தபுரம் பேராயராக இருந்த சூசைபாக்கியம் மார்த்தாண்டன்துறையில் பிறந்தவர் என்பதும் இங்கு நினைக்கத்தக்கது. ஒவ்வொரு பங்கிலும் குடும்ப வாரியான பதிவு உண்டு: திருமுழுக்கு, திருமணம், இறப்பு ஆகியன ஏட்டில் ஏறியிருக்கும். அதற்கு மேல், சில பத்துக் குடும்பங்களைக் கொண்ட அன்பியம் என்னும் சிறு குழுக்கள் குமரித் திருச்சபையில் வேரூன்றியவை. ஆகவே பங்குத்தந்தை ஒருவர் தம் ஊரில் எந்த வீட்டில் யார் கடலுக்குச் சென்றனர் என்பதை ஓரிரு நாட்களில் எழுதி முடிக்க இயன்றது. படகின் பெயர், உரிமையாளர், உடன்சென்றோர், புறப்பட்ட துறைமுகம், கடைசியாகப் பேசிய நாள் என அப்பட்டியல்கள் வளர்ந்தன. கரையேறியோரிடமிருந்து செய்தி வரவரப் பெயர்கள் நீக்கப்பட்டன. தெற்காசிய மீனவர் தோழமை போன்ற அமைப்புகள் ஊர்ப் பட்டியல்களைத் தொகுத்து அரசிடமும் ஊடகங்களிடமும் முன்வைத்தன.

அரசு வெளியிட்ட எண்ணிக்கைக்கும் திருச்சபையின் எண்ணிக்கைக்கும் இடையே வேறுபாடு தொடர்ந்து இருந்து வந்தது. தொடக்கத்தில் அரசுப் புள்ளி குறைவாகவும் ஊர்ப் புள்ளி மிகுதியாகவும் இருந்தமை பெரும் கொந்தளிப்பிற்கு வித்திட்டது. 2017 திசம்பர் 7-இல் ஆயிரக்கணக்கான மீனவ மக்கள் திரண்டு குழித்துறைத் தொடர்வண்டி நிலையத்தில் தண்டவாளத்தை மறித்து அமர்ந்தனர். தேடுதலை விரைவுபடுத்துக என்பது அவர்கள் கோரிக்கை. இதனை வெறும் சினத்தின் வெளிப்பாடாகக் கொள்வது பொருந்தாது. கையில் பெயர்ப்பட்டியல் உள்ள ஊர், பட்டியல் இல்லாத அரசிடம் கணக்குக் கேட்டது என்பதே அதன் உட்பொருள்.

இப்பட்டியல்களின் பயன் தேடுதலோடு முடியவில்லை. அந்நாளில் நடப்பிலிருந்த இந்தியச் சாட்சியச் சட்டத்தின் 108-ஆம் பிரிவின்படி, ஒருவரைப் பற்றி ஏழாண்டுகள் எச்செய்தியும் இல்லையாயின் அதன் பின்னரே அவர் இறந்தவராகக் கொள்ளப்பட்டார். கடலில் காணாமற்போனவரின் மனைவி அதுவரை கைம்பெண்ணும் அல்லள், கணவன் உள்ளவளும் அல்லள். உதவித்தொகை, கடன், நிலம் எதிலும் அவளுக்கு உறுதி இல்லை. ஒக்கிக்குப் பின் தமிழ்நாடு, கேரள அரசுகள் இக்காத்திருப்பைத் தளர்த்திக் காணாமற்போனோரின் குடும்பங்களுக்கும் 20 இலட்சம் ரூபாய் வீதம் வழங்க முன்வந்தன. இவ்வாறு தளர்த்துவதற்கு, இன்னார் இன்ன படகில் சென்றார், மீளவில்லை என்பதை உறுதியாகச் சொல்ல யாரேனும் வேண்டும். கரையொதுங்கிய உடல்களுக்கு மரபணுச் சோதனை உதவிற்று. உடலே கிடைக்காதவர்களுக்கு ஊரின் சொல்லும் பங்கின் ஏடுமே சான்றாக நின்றன.

திருச்சபை உணவு வழங்கவில்லை, ஆறுதல் கூறவில்லை என்பது நம் கருத்தன்று, இரண்டும் நிகழ்ந்தன. ஆனால் உணவு வழங்குவதில் அரசும் பிற அமைப்புகளும் திருச்சபையின் இடத்தை நிரப்பியிருக்க இயலும். பெயர் சொல்வதில் இயலாது.

பட்டியல் எங்கிருந்து வருகிறது

இத்தகைய ஏடுகள் பேரிடரை எண்ணி எழுதப்பட்டவை அல்ல என்பதை மறத்தல் கூடாது. குமரிக் கடற்கரையில் மீன்வரவின் ஒரு பங்கைக் கோயிலுக்குச் செலுத்தும் வழக்கம் நெடுங்காலம் நிலவியது. எந்தப் படகு யாருடையது, யார் அதில் தொழில் செய்கின்றனர் என்பதை ஆலயம் அறிந்திருப்பதற்கு அவ்வழக்கமும் ஒரு காரணம். சோழமண்டலக் கரையின் மீனவ ஊர்ப் பஞ்சாயத்துகளும் ஊர்வரி தண்டுவதற்காகவே குடும்பப் பட்டியல் வைத்திருந்தன. பெரும்பாலான பட்டியல்கள் கொடுப்பதற்காக அன்று, பெறுவதற்காகவே தோன்றியவை. பின்னர்தான் கொடுப்பதற்கும் பயன்பட்டன. இதில் வியப்பில்லை, வேறு வகையில் இவ்வளவு துல்லியமான பட்டியலை எவரும் ஆண்டுதோறும் புதுப்பித்திருக்கமாட்டார்.

வரிக்காகத் தோன்றிய பட்டியலுக்கு வரம்பும் உண்டு. 2004 திசம்பர் 26-இன் ஆழிப்பேரலை நாகப்பட்டின மாவட்டத்தில் மட்டும் 6,000-க்கும் மேற்பட்டோரைப் பலிகொண்டது. உதவியுடன் வந்த அமைப்புகளின் எண்ணிக்கை மிகுதி. தென்னிந்திய மீனவர் சங்கங்களின் கூட்டமைப்பும் சினேகா என்னும் அமைப்பும் இணைந்து அங்கொரு ஒருங்கிணைப்பு மையத்தையே அமைக்க வேண்டியதாயிற்று. வந்தோர் பலரும் ஊர்ப் பஞ்சாயத்தின் பட்டியலையே கைக்கொண்டனர். அது விரைவுக்குத் துணைசெய்தது. ஆனால் ஊர்வரி செலுத்தாத குடும்பம் அப்பட்டியலில் இல்லை. ஆண்துணையற்ற பெண்கள், மீனவர் அல்லாத கூலித்தொழிலாளர், அருகிலேயே வாழ்ந்த தலித் மக்கள் ஆகியோர் நிவாரணத்தில் ஒதுக்கப்பட்டமையை அக்காலத்து ஆய்வறிக்கைகள் பலவும் பதிவு செய்துள்ளன.

வேளாங்கண்ணியில் இக்குறை வேறொரு வடிவில் தோன்றியது. கிறிஸ்துமசுக்கு மறுநாளான ஞாயிற்றுக்கிழமை காலையில் அங்குக் கூடியிருந்தோரில் பெரும் பகுதியினர் வெளியூர்த் திருப்பயணிகள். அப்பேராலயம் தமிழ்நாட்டின் புகழ்மிக்க ஆலயங்களுள் ஒன்று. ஆயினும் வந்து செல்லும் பயணியின் பெயர் அதன் ஏட்டில் இருத்தற்கில்லை. அடையாளம் காணப்படாமலே பலர் ஒரே குழியில் அடக்கம் செய்யப்பட்டனர். மலேசியத் தமிழர் பலருக்கும் வேளாங்கண்ணி அறிமுகமான தலம் என்பதால் இச்செய்தி இங்கும் ஆழ்ந்த துயரை விளைத்தது. குமரியின் சிற்றூர்ப் பங்குக்கு இயன்றது இப்பெருந்தலத்திற்கு இயலவில்லை என்பதைக் கொண்டு நாம் அறிவது, பேரேட்டின் ஆற்றல் ஆலயத்தின் அளவையோ செல்வத்தையோ பொறுத்ததன்று; ஒரே மக்கள் ஒரே இடத்தில் நீடித்து வாழ்வதைப் பொறுத்தது.

இந்த உண்மை நம்மை மீண்டும் சிலாங்கூருக்கு அழைத்து வருகிறது. இங்கு நீடித்து வாழ்தல் என்பதே மாறிவிட்டது.

தோட்டத்தின் காலைப் பெரட்டு

தோட்டத் தமிழரின் வாழ்வில் பெரட்டு என்னும் சொல்லுக்குத் தனியிடம் உண்டு. விடியுமுன் தொழிலாளர் அனைவரும் ஓரிடத்தில் திரள, கிராணியார் பெயர் படிக்க, கங்காணியோ மண்டோரோ வேலை பிரித்துக் கொடுப்பதே பெரட்டு. அதனைத் தோட்ட வாழ்வின் அடக்குமுறைச் சின்னமாகவே நம் படைப்பிலக்கியம் பெரிதும் காட்டியுள்ளது; அதற்கு நியாயமும் உண்டு. சம்பளக் கணக்கிற்காக எழுந்த ஏற்பாடு அது. எனினும் நாள்தோறும் ஒரு சமூகம் முழுவதன் பெயரும் உரக்கப் படிக்கப்பட்ட இடம் அதுவன்றி வேறில்லை என்பதையும் மறுத்தல் இயலாது. வராதவர் யார் என்பது விடியும் முன்னரே தெரிந்துவிடும். காய்ச்சலா, குடியா, ஓட்டமா என்பதும் உடன் தெரியும். இரவில் வெள்ளம் புகுந்தாலும் மரம் சாய்ந்தாலும் லயத்து வீடுகளில் இருந்தோர் எத்தனை பேர் என்பதைத் தோட்ட அலுவலகம் அறியும்.

பெரட்டின் நிழலிலேயே கோயிலும் தேவாலயமும் வளர்ந்தன. மாரியம்மன் கோயில் இல்லாத தோட்டம் அரிது. திருவிழா வரி பெரும்பாலும் சம்பளத்திலேயே பிடிக்கப்பட்டதால் கோயிற்பட்டியலும் சம்பளப்பட்டியலும் ஏறத்தாழ ஒன்றாகவே இருந்தன. கிறிஸ்தவத் தமிழர் எண்ணிக்கையில் சிறுபான்மையினர். பல தோட்டங்களிலிருந்து வந்து ஓர் ஆலயத்தில் கூடினர். முன்பு பத்தாங் பெர்ஜுந்தை எனப்பட்ட பெஸ்தாரி ஜெயாவில் வனத்துச் சின்னப்பர் ஆலயம் இவ்வகையினது. மெதடிஸ்தத் திருச்சபையின் தமிழ்ப் பிரிவும் லுத்தரன் திருச்சபையும் தமிழரிடையே இவ்வாறே சிறு சபைகளாகப் பரவின. சிறுபான்மையாக இருந்தமையால் இவ்வாலயங்களின் பேரேடு ஒரு தோட்டத்தின் எல்லையைக் கடந்தது. ஒரு தோட்டம் கலைந்தாலும் அந்த ஏடு உடனே கலைந்துவிடவில்லை. இவ்வேறுபாடு பின்னால் முக்கியமாகிறது.

தோட்டங்கள் கலைந்த வரலாறு இவ்விதழின் வாசகர்க்குப் புதியதன்று. 1950-களில் தொடங்கிய தோட்டத் துண்டாடலும், அதனை எதிர்கொள்ளத் துன் வீ. தி. சம்பந்தன் முன்னின்று 1960-இல் அமைத்த தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கமும் பல ஆய்வுகளில் விளக்கப்பட்டுள்ளன. பின்னர் வந்த வீடமைப்பு, தொழிற்பேட்டை மேம்பாடுகள் சிலாங்கூரில் எஞ்சிய தோட்டங்களையும் சுருக்கின. மக்கள் தாமான்களுக்கும் அடுக்குமாடிகளுக்கும் பெயர்ந்தனர். நில இழப்பு, வேலை இழப்பு, கோயில் இடிப்பு ஆகியவை பற்றி நாம் மிகுதியாகப் பேசியுள்ளோம். பெரட்டு நின்றதைப் பற்றி எவரும் வருந்தியதில்லை, வருந்தவும் வேண்டியதில்லை. ஆனால் அது நின்றபொழுது ஒரு சமூகம் தன்னைத்தானே எண்ணிக்கொண்ட ஒரே நாள்முறை ஏற்பாடும் நின்றது. அதன் இடத்தில் வேறொன்று வரவில்லை.

2021: உணவு வந்தது, முகவரி வரவில்லை

இதன் விளைவு 2021 திசம்பர் வெள்ளத்தில் வெளிப்பட்டது. திசம்பர் 17, 18 ஆகிய நாட்களில் சிலாங்கூரின் பல பகுதிகளில் ஒரு மாதத்துச் சராசரியை விஞ்சும் மழை ஓரிரு நாட்களிலேயே கொட்டித் தீர்த்தது. ஷா ஆலாம் 25-ஆம் பிரிவிலுள்ள தாமான் ஸ்ரீ மூடா கடுமையாகப் பாதிக்கப்பட்டது. இந்தியரும் கணிசமாக வாழும் பகுதி அது. மக்கள் மாடியிலும் கூரையிலும் உதவிக்காகக் காத்திருந்தனர். நாடு முழுவதும் ஐம்பதுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். மலேசியப் புள்ளிவிவரத் துறை மொத்த இழப்பை 610 கோடி ரிங்கிட் எனக் கணக்கிட்டது. அதில் ஏறத்தாழப் பாதி சிலாங்கூரினது.

அவ்வேளையில் சமூகம் காட்டிய ஈகை போற்றத்தக்கது. பெட்டாலிங் ஜெயா குருத்வாராவின் அடுக்களையில் ஆயிரக்கணக்கான உணவுப் பொட்டலங்கள் நாள்தோறும் தயாராயின; சீக்கியர் மட்டுமன்றிப் பல சமயத்தவரும் அங்கு வந்து காய் நறுக்கினர், பொட்டலம் கட்டினர். பள்ளிவாசல்கள் புகலிடமாயின. தேவாலயங்களும் கோயில்களும் பௌத்த அமைப்பான சூ சியும் உணவும் உடையும் துப்புரவுப் பொருள்களும் அனுப்பின. தனிமனிதர் தம் படகுகளைக் கொண்டுவந்தனர். குருத்வாராவால் இவ்வளவு விரைந்து செயற்பட முடிந்தமைக்குக் காரணம் எளியது: லங்கர் என்பது அங்கு அன்றாடப் பழக்கம். பெரிய அண்டா, அடுப்பு, ஆள், மளிகை எல்லாம் முன்பே இருந்தன. அன்னதானம் நடக்கும் நம் கோயில்களுக்கும் இவ்வாற்றல் உண்டு.

குறைந்தது எது? பொட்டலத்தைக் கொண்டு சேர்க்க வேண்டிய கதவு. எந்தச் சாலையில் படுக்கையில் உள்ள முதியவர் இருக்கிறார், எந்த வீட்டில் கைக்குழந்தை, யார் ஏற்கனவே உறவினர் வீட்டிற்குச் சென்றுவிட்டார் என்பதைச் சொல்வார் இல்லை. ஆகவே வாட்ஸ்ஆப் குழுக்களிலும் சமூக ஊடகங்களிலும் முகவரிகள் பறந்தன. உதவி கேட்டோரின் பட்டியல் மணிக்கணக்கில் நீண்டது. ஆனால் மீட்கப்பட்டோரின் பெயரை அதிலிருந்து நீக்குவதற்கு ஒருவர் இல்லை. பழைய வேண்டுகோளே மீண்டும் மீண்டும் சுற்றியது. கைப்பேசியில் மின்னேற்றம் தீர்ந்தவர் பட்டியலிலிருந்தே மறைந்தார். குமரியில் பங்குத்தந்தையின் ஏட்டில் பெயர்கள் ஒவ்வொன்றாக நீக்கப்பட்டதை இதனோடு ஒப்பிட்டு நோக்கினால், பழைய ஏடும் புதிய செயலியும் ஒரே பணியைச் செய்யவில்லை என்பது விளங்கும். செயலி கேட்போரை அறியும். ஏடு கேளாதோரையும் அறியும்.

அரசு வழங்கிய உதவித்தொகையிலும் இதே சிக்கல் தலைகாட்டியது. பாதிக்கப்பட்ட குடும்பத் தலைவருக்கு 1,000 ரிங்கிட் என்பது அறிவிப்பு. நிவாரண மையத்தில் தங்கியோர் பெயர் பதிவில் இருந்தது. மையத்திற்குச் செல்லாமல் உறவினர் வீட்டில் தங்கியோரை உறுதிப்படுத்த உள்ளூர்த் தலைவர் ஒருவர் தேவைப்பட்டார். சிலாங்கூரில் இந்தியச் சமூகத் தலைவர்களை மாநில அரசு நியமிக்கிறது, நல்லதோர் ஏற்பாடு. ஆனால் ஒருவர் பொறுப்பில் விடப்படும் பரப்பு அகன்றது. ஒரு தாமானில் வாடகைக்கு வருவோரும் போவோரும் மாறிக்கொண்டே இருப்பர். அடையாள அட்டைச் சிக்கலால் ஆவணமின்றி வாழும் தோட்டக் குடும்பங்கள் இன்றும் உள்ளன என்பதையும் இதனோடு சேர்த்து எண்ணவேண்டும். அவர்கள் அரசுப் பட்டியலுக்கு அஞ்சுவர். ஆலயப் பட்டியலுக்கு அஞ்சமாட்டார். பேரிடர்க் காலத்தில் வழிபாட்டு இல்லத்தின் மீதுள்ள இந்நம்பிக்கையை எந்த அலுவலகமும் விலைகொடுத்து வாங்க இயலாது. அந்நம்பிக்கையாலேயே அப்பட்டியலைக் காக்கும் கடமையும் கூடுகிறது. ஆவணமற்றோரின் முகவரியை யார் கேட்டாலும் எடுத்து நீட்டும் ஆலயத்தில் அடுத்த முறை ஒருவரும் பெயர் கொடார்.

சுங்கை பெசாரில் யாரிடம் ஏடு உள்ளது

இனிச் சுங்கை பெசார் வட்டாரத்தை இக்கண்கொண்டு நோக்குவோம். அங்குத் தமிழர் அடர்த்தியாக ஓரிடத்தில் வாழவில்லை. எஞ்சிய தோட்டங்கள், சாலையோரக் கம்பங்கள், சிற்றூர்த் தாமான்கள் எனச் சிதறி வாழ்கின்றனர். எண்ணெய்ப்பனைத் தோட்டங்களில் இன்று வேலை செய்வோரில் இந்தோனேசியரும் வங்காளதேசத்தவரும் மிகுதி. பழைய லயத்து வீட்டில் இன்று குடியிருப்பவர் பெயரை அருகிலுள்ள மாரியம்மன் கோயில் தலைவர் அறியார். ஆள் கொண்டுவந்த குத்தகையாளர் அறிவார், அவரும் அவ்வூரில் வாழ்பவர் அல்லர். கடற்கரை உடைந்து நீர் புகுமாயின் முதலில் மூழ்கக்கூடிய தாழ்ந்த வீடுகள் அவை. வேளாங்கண்ணியில் பயணிகளுக்கு நேர்ந்தது இங்கே தொழிலாளருக்கு நேரக்கூடும்.

கோயில்களிடம் உபயதாரர் பட்டியல் உள்ளது. அது கொடுக்க இயன்றோரின் பட்டியல். கொடுக்க இயலாதோர் அதில் இரார். தேவாலயங்களிடம் குடும்பப் பதிவு உள்ளது. அது முழுமையானது, ஆனால் சிறிய எண்ணிக்கையினரைப் பற்றியது. தமிழரைப் பொறுத்தவரை இவ்வட்டாரத்தில் சமயம் கடந்த, ஆண்டுதோறும் புதுப்பிக்கப்படும் ஏடு ஒன்றே ஒன்றுதான். அது தமிழ்ப்பள்ளியின் மாணவர் பதிவேடு. மாணவர் எண்ணிக்கை குறைந்த பள்ளிகள் என்று நாம் கவலையுடன் பேசும் பள்ளிகளின் ஆசிரியர்கள் ஒவ்வொரு பிள்ளையின் வீட்டையும், பெற்றோரின் வேலையையும், வீட்டிலுள்ள பாட்டியின் நோயையும் அறிந்திருப்பது இயல்பு. எண்ணிக்கைக் குறைவு இங்கு ஒரு வலிமை. பேரிடர் நிவாரணத்தில் பள்ளியைக் கட்டடமாக மட்டுமே, அதாவது மக்கள் தங்கும் மண்டபமாக மட்டுமே எண்ணுவது நம் வழக்கம். அங்குள்ள ஆசிரியரின் அறிவை எவரும் கேட்பதில்லை. பிள்ளை இல்லாத வீடுகள், அதாவது முதியோர் மட்டுமே வாழும் வீடுகள், இவ்வேட்டில் விடுபடும் என்பதும் உண்மை. அவ்வீடுகளை அறிந்தவர்கள் கோயிற்பூசகரும் ஆலயத்து மூப்பரும். ஆதலின் ஒன்றின் குறையை மற்றொன்றால்தான் நிரப்பவேண்டும். மூவரும் ஒரு மேசையில் அமர்ந்து தத்தம் பட்டியலை ஒத்துப் பார்க்க ஒரு மாலைப்பொழுது போதும்.

அம்மாலைப்பொழுதைக் குறிக்கும்பொழுது நாட்காட்டியையும் பார்க்க வேண்டியுள்ளது. கிரேக் திசம்பர் 26. வாமெய் திசம்பர் 27. ஆழிப்பேரலை திசம்பர் 26. ஒக்கி நவம்பர் 30. சிலாங்கூர் வெள்ளம் திசம்பர் 18. சென்யார் நவம்பர் இறுதி. ஆழிப்பேரலைக்குப் பருவம் இல்லை, அது தற்செயல். ஏனையவை வடகிழக்குப் பருவக்காற்றுக் காலத்தின் பிள்ளைகள். அக்காலத்தில் தேவாலயங்கள் கிறிஸ்துமசு ஆயத்தத்தில் இரவும் திறந்திருக்கும். கோயில்களில் மார்கழி வழிபாட்டிற்காக விடியற்காலையிலேயே விளக்கு எரியும். தமிழ்ப்பள்ளிகளோ திசம்பரில் பெரும்பாலும் ஆண்டிறுதி விடுமுறையில் இருக்கும். வெளியூர் ஆசிரியர்கள் தம் ஊருக்குச் சென்றிருப்பர். பதிவேடு அலுவலக அலமாரியில் பூட்டப்பட்டிருக்கும். சாவி யாரிடம் இருக்கவேண்டும் என்பதைச் சுங்கை பெசார் வட்டாரப் பள்ளிகளும் ஆலயங்களும் கோயில்களும் நவம்பர் பிறப்பதற்குள் பேசி முடிவுசெய்தல் நலம்.